சமையலறைக் கிளை

"ஹலோ" என்றான், ஹாலில் இருந்த போனில்.

சமையலறையில் எடுத்த மனைவிக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பேசுவதுதான் இந்தப் பக்கம் வரவே இல்லை.

மறுபடி அதே கோளாறு. விடிந்ததிலிருந்து அதனோடுதான் மல்லுக்கட்டு.

நாளைக்குப் பரீட்சை. அலுவலக போன்களை நெட்வொர்க்கில் இணைக்கும் வேலைக்கான சான்றிதழ். அது கைக்கு வந்தால்தான் ஸ்டோர் ரூமிலிருந்து பழையபடி போன் பிரிவுக்குத் திரும்ப முடியும். அவனை மாற்றியபோது மேலாளர் சொன்ன காரணத்தில் எந்தத் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

சும்மா விடுவானா? வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிவிட்டான். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய ரௌட்டர், போன்களை ஒன்றோடொன்று கோக்கும் ஸ்விட்ச் பெட்டி, இரண்டு போன்கள். பாடத்தில் உள்ளபடி ஹால் ஒரு கிளை அலுவலகம், சமையலறை இன்னொரு கிளை.

மச்சான் வந்து பார்த்தான். நெற்றியோரம் விரலைச் சுழற்றி, முற்றிப்போச்சு என்று சாடை காட்டிவிட்டுப் போனான்.

கட்டிலுக்கடியில் அந்த ஸ்விட்ச் பெட்டிக்குள் சுற்றும் விசிறி போடும் இரைச்சலில் தூக்கமே போச்சு என்று மனைவி புலம்புகிறாள். அவன் அதற்கு மேலேயே படுத்துக் குறட்டை விடுகிறான்.

எதுவானாலும் அறையிலிருந்து அறைக்குக் கத்தக் கூடாது, எதிரே வந்து நின்றுதான் சொல்ல வேண்டும். அது வீட்டுச் சட்டம். வந்து நின்றாள், கையில் கரண்டியோடு.

"வரவேற்பறை பேசுறேன். உங்க குரல் கணீர்னு வருது, என் பேச்சுதான் எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கு. சாப்பிட்டுட்டுத் தேடலாம், வாங்க."

வரவேற்பறை. அவள் போனின் திரையில் பழைய கம்பெனிக்காரர்கள் போட்ட பெயர்.

அவனுக்குச் சுருக்கென்றது. மற்ற எல்லாவற்றிலும் பழைய பதிவுகளைத் துடைத்தவன், பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த ஒரு போனை மட்டும் விட்டுவைத்திருந்தான். பெயர் மட்டுமா இருந்தது? பேச்சு வெளியே போக அதில் பதிந்திருந்த வழியும் பழைய கம்பெனியுடையதுதான். அவள் பேசியதெல்லாம் இங்கே இல்லாத ஒரு வாசலைத் தேடிப் போய்த் தொலைந்திருக்கிறது.

சாப்பாடு ஆறினால் ஆறட்டும். போனைத் துடைத்தெடுத்துப் புது வழி காட்டினான். அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு எண்ணை அழுத்தினான்.

அவள் பக்கமிருந்து வரும் சத்தத்தை வரைந்து காட்டும் லேப்டாப் திரையில், காலையிலிருந்து செத்துக் கிடந்த கோடு எழுந்தது.

சோதனைக்கு அவள் எப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். மூன்று மேடுகள், அச்சுப் பிசகாமல். வழியில் எதுவும் சிந்தவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

அவள் நிறுத்தவில்லை.

கோடு நீளமாக ஓடியது. என்னவோ சொல்கிறாள், இவ்வளவு நேரம் போனில் என்ன சொல்ல இருக்கிறது? பிறகு கோடு சின்னச் சின்னதாகக் குலுங்கியது, விட்டு விட்டு.

சிரிக்கிறாளா, அழுகிறாளா? கோட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

காதுள்ளவனுக்குச் சட்டென்று தெரிந்திருக்கும். காய்ச்சல் வந்து இரண்டு காதையும் கொண்டுபோன பிறகு, அவள் பேச்சை அவள் உதட்டசைவில்தான் அவன் பார்த்திருக்கிறான். குரல் என்று ஒன்று தன்னைத் தேடி வருவதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

ரிசீவரைப் போட்டது போட்டபடி, அவள் முகத்தைப் பார்க்கச் சமையலறைக்கு ஓடினான்.