சின்னப் புகைபோக்கியின் ஒட்டு

ஓர் அரிசி ஆலையில் இரண்டு புகைபோக்கிகள் இருந்தனவாம். பெரியது இன்னும் புகைத்துக்கொண்டிருந்தது. சின்னது புகைப்பதை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. மழைக்கு முன்னால், விரிசல் உண்டா என்று தட்டிப் பார்க்கக் கொத்தனார் சுத்தியலோடு வந்தார்.

"தட்டினா ஏதாவது கேக்கும். எதுக்கு வீண் பயம்? கெளம்புங்க கொத்தனாரே," என்றது பெரியது.

"என்னைத் தட்டுங்க. எத்தனையோ புகை குடிச்ச உடம்பு," என்றது சின்னது.

கொத்தனார் தட்டத் தட்ட, சின்னதின் நெஞ்சில் ஓரிடம் மட்டும் பொள்ளலாக ஒலித்தது. கொத்தனார் பொரிந்த செங்கலைப் பெயர்த்துப் புதுசு வைத்தார்.

"நெஞ்சுல ஒட்டு! ஊரே பாக்குது, வெக்கமா இல்லையாடா?" என்றது பெரியது.

"நல்லாப் பாக்கட்டும்ண்ணே. இந்த மழைக்கு நான் விழமாட்டேன்," என்று சின்னது நிமிர்ந்து நின்றது.

மேகம் கறுத்தது. ஏணியைத் தூக்கிய கொத்தனாரைப் பெரியது மெல்லக் கேட்டது: "சுத்தியலைப் பையில வச்சிட்டீங்களா?"