ஒத்தை ஆளின் மாதச் செலவு

"ஒத்தை ஆளுக்கு மாசம் எம்புட்டும்மா ஆகும்? நீங்களே சொல்லுங்க."

வாசலிலேயே மறித்துக் கேட்டாள் வீட்டுக்காரி சோணையம்மாள். அவள் கண் நாகவல்லி கையிலிருந்த கடைப் பையிலேயே இருந்தது.

நாகவல்லி காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பின்கட்டு அறைக்குக் குடிவந்து நாலு மாதமாகிறது.

"வாடகை இருபத்தஞ்சு. அரிசி, மளிகை நாப்பது. பாலு, மண்ணெண்ணெய், சோப்புன்னு ஒரு பதினஞ்சு. ஒக்கூர்ல இருக்க அம்மாவுக்கு அம்பது அனுப்பிருவேன். எதுக்குக்கா கேக்குறீக?"

"பையில இருக்க சவர பிளேடை விட்டுட்டீகளே. சிகரெட்டு? வேட்டிக்குச் சலவைக்கூலி?"

நாகவல்லி பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அது... எங்க வீட்டுக்காரவுகளுக்கு. காண்டிராக்ட் வேலையா ஊரூராப் போறவுகன்னு அன்னைக்கே சொன்னேனே. முந்தாநாள் ராத்திரி வந்துட்டு, விடியுமுன்ன கிளம்பிட்டாக."

"முந்தாநாள் பூரா எனக்குப் பல்வலி. பொட்டுத் தூக்கமில்லை. உங்க கதவு திறக்கவே இல்லையே?"

நாகவல்லி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. லாரி ஓட்டிட்டு இப்பத்தான் எங்க வீட்டுக்காரவுக படுத்தாக. பொல்லாத கோவக்காரவுக. விசயம் தெரிஞ்சா சாமானை எல்லாம் தெருவுல வச்சிருவாக. சொல்லுங்க, புருசன் வரலைன்னா வேற யாரு வந்து போறது?"

நாகவல்லி அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாரும் வரலைக்கா. எனக்குக் கல்யாணமே ஆகலை."

"அப்புறம் இந்த வேட்டி?"

"முந்தி இருந்த வீட்டுல நான் தனி ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. வேலை முடிஞ்சு ஒன்பது மணிக்கு வந்தா, பின்னாலயே ரெண்டு பேரு வருவாங்க. ஒருநா கதவையே தட்டிட்டாங்க. வேற வீடு தேடுனா, ஒண்டிப் பொம்பளைக்கு இல்லைன்னு அஞ்சு வீட்டுல சொல்லிட்டாக. அதான் இல்லாத புருசனை இருக்குற மாதிரி வச்சிருக்கேன். ஜன்னல்ல சிகரெட்டைப் பத்தவச்சு வச்சிருவேன். மாசம் ஆறு ரூவா ஆகுது."

சோணையம்மாள் ஜன்னலோரம் கிடந்த சிகரெட் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"எப்பக்கா காலி பண்ணணும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் நாகவல்லி.

சோணையம்மாள் கொடியிலிருந்த வேட்டியை உருவி, விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆம்பளை கட்டுன வேட்டி இம்புட்டு வெள்ளையாவா இருக்கும் ஆத்தா? விளிம்புல செம்மண்ணைத் தேய்ச்சுட்டுச் சலவைக்குப் போடு. சிகரெட்டு எதுக்கு? பீடி போதும், காசு மிச்சமாகும்."

நாகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க வீட்டுக்காரவுக எந்திரிச்சு வந்து கேட்டா என்னக்கா சொல்றது?"

"எந்திரிக்க யாரு இருக்கா? லாரியோட போன மனுசன் மூணு வருசமாத் திரும்பலை. நிசமாவே ஒரு ஆம்பளை இங்க வந்து போனா, என் வீட்டுல ஆளில்லைன்னு கண்டுக்கிட்டு தெருவுல சொல்லிருவானேன்னுதான் இம்புட்டு நாளும் உன்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டு இருந்தேன்."