அணையாத கம்ப்யூட்டர்

"தங்கச்சி வீட்டுக்காரர் தன் கையாலயே கார்ல கம்ப்யூட்டர் மாட்டியிருக்கார். சாவியை எடுத்தா அதுவா அணைஞ்சிடுது. நீங்களும் எலக்ட்ரீஷியன்னு இருக்கீங்களே!"

மாமனார் வீட்டுக் கூடத்தில், எல்லோர் முன்னாலும் மனைவி இப்படிச் சொன்னதும் அவனுக்கு வயிறு எரிந்தது. ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு இவ்வளவு பாராட்டா?

மதியம் எல்லோரும் கண்ணயர்ந்ததும், சகலையின் சாவியோடு காருக்குள் புகுந்தான். சாவியை எடுத்தால் அணையும்படி கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த ஒயரைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில் இணைத்தான். இனி அது அணையவே அணையாது. விடிவதற்குள் பேட்டரியும் காலி, சகலையின் மானமும் காலி!

மறுநாள் கார் முனகக்கூட இல்லை.

"நகருங்க சகலை, நான் இருக்கேன்ல!" என்று தன் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினான். மனைவி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கம்ப்யூட்டர் திரை ஒளிர்ந்தது. நேற்றைய பதிவுகள் அதில் வரிசையாகத் தெரிந்தன.

"அட, இது நேத்து அணையவே இல்ல போல," என்றார் சகலை. "எப்பவும் இதோட சேர்ந்து காருக்குள்ள இருக்கற கேமராவும் அணைஞ்சிடும். நேத்து அதுவும் ஓடியிருக்கு. எப்போ ஆரம்பிச்சுதுன்னு பாத்துடலாம்."

குடும்பமே எட்டிப் பார்த்தது.

முதல் காட்சியிலேயே, டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.