கட்டில்வரை எட்டும் குழாய்

மீன்தொட்டிக்குள் வளரும் செடிகள் பிழைக்கக் கரியமில வாயு வேண்டும் என்று வண்ணமீன் கடைக்காரர் இரும்புச் சிலிண்டரைக் காட்டினார்.

"இன்னொரு சிலிண்டர வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்றாள் பிலோமினா.

ஏற்கெனவே ஒன்று கட்டிலருகே நின்று அவள் கணவர் கஸ்பாரின் மூக்கில் ஆக்சிஜனை ஊட்டிக்கொண்டிருந்தது. கடலடியில் மூச்சடக்கிச் சங்கு எடுத்த மனிதர். நுரையீரல் பயிற்சிக்கு டாக்டர் ஊதச் சொன்ன பலூனைத் தூர எறிந்துவிட்டு, நாளெல்லாம் கட்டிலுக்கு எதிரே இருந்த மீன்தொட்டியையே பார்த்துக் கிடந்தார். கடைக்காரர் அடுத்துக் காட்டிய, சர்க்கரையும் ஈஸ்ட்டும் நொதித்து அதே வாயுவைத் தரும் பாட்டிலையும் ஒதுக்கிவிட்டு, அவள் மெல்லிய குழாய் மட்டும் வாங்கினாள்.

வீட்டில் அதன் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் வாய்வைத்துக் கன்னம் வலிக்க ஊதினாள். கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, இதுவா ஊதுறது? இங்க தா."

குழாய் கட்டில்வரை எட்டியது. அளந்துதான் வாங்கியிருந்தாள். முதல் மூச்சுக்கு ஒரேயொரு குமிழி. இருமினார், மறுபடி ஊதினார். தினமும் ஊதினார்.

ஒரு மதியம், வெயில் பட்ட இலைநுனியில் முத்துப்போல் ஒரு குமிழி தானாகத் திரண்டது.

"செடி மூச்சு விடுது பாருங்க!"

பேசாதே என்று கைகாட்டிவிட்டு, பழைய வழக்கத்தில் கஸ்பார் மூச்சை அடக்கிக்கொண்டார். குமிழி இன்னும் இலையை விட்டுப் பிரியவில்லை.