முதலில் நீர் போடும்

மருத்துவர் நீட்டிய கறுப்புக் கண்பட்டியைக் குலேந்திரன் அண்ணை தொடவில்லை.

“இதைப் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும்” என்று மருத்துவர் டெனிஷ் மொழியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். சாதாரண வசனம்தான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தடுக்கினேன்.

காளானிலிருந்து எடுத்த மருந்து சிறு கிண்ணத்தில் இருந்தது. அது ஏறினால் தாய்மொழிதான் வாயில் வருமாம். அதற்காகத்தான் மொழிபெயர்ப்பாளனாக நான்.

இந்தச் சிகிச்சைக்கு இன்னும் சட்டம் வரவில்லை. இப்போதைக்கு ஆய்வுக்கு மட்டும் அனுமதி. இந்த அறையில் நடப்பதைப் பார்த்துத்தான் சட்டம் எழுதுவார்களாம். ஆகவே விதிகள் இறுக்கம். கண்பட்டி இல்லையென்றால் மருந்து இல்லை. யார் பேசினாலும் ஒரு சொல்லையும் நான் விடக்கூடாது.

பிராண்டே என்ற ஊரிலிருந்து அண்ணையைக் காரில் ஏற்றிவந்த மனைவி கீழே காத்திருந்தார். இராணுவ முகாமில் அடைபட்டிருந்த நாட்கள் கனவில் வர, ஒருமுறை நித்திரையில் அண்ணை அவருடைய கழுத்தை நெரித்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றுக்கு உள்ளே பூட்டு. வேறு எந்த மருந்தும் அண்ணைக்குக் கேட்கவில்லை.

அண்ணை கண்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“முதல்ல நீர் போட்டுக் காட்டும், தம்பி. உமக்கு வடிவாயிருந்தா நானும் போடுறன்.”

மொழிபெயர்த்தேன். மருத்துவரும் சிரித்து, பட்டியை என் கையில் தந்தார்.

மறுப்பதற்கு ஒரு காரணம் தேடினேன்.

போட்டேன்.

துணி மூக்கில் உரசியது. புதுத் துணி, சவர்க்கார வாசம். அதையே எனக்குள் திரும்பத் திரும்பச் சொன்னேன். புதுத் துணி, சவர்க்கார வாசம்.

வெளியே நடைவழியில் யாரோ வந்தார்கள். காலடிகள் கதவடியில் நின்றன. பிறகு போய்விட்டன.



வெகுநேரம் கழித்துத்தான் என் கைகள் எங்கே என்று தெரிந்தது. அவை முதுகுக்குப் பின்னால் போய், மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்து நின்றன. பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

கதிரை தரையில் இழுபட்டது. அண்ணையின் சூடான கை என் மணிக்கட்டுகளைப் பொத்திப் பிடித்தது.

“உம்மை எங்க வச்சிருந்தவங்கள், தம்பி?”

“என்ன சொல்கிறார்?” என்றார் மருத்துவர்.

“எனக்கு வடிவாக இருக்கிறதாம்” என்றேன்.