கண்ணாடிப் பெட்டியில் ஒரு குடை

“தர முடியாதுன்னு நேராச் சொல்லிடுங்கம்மா. இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க.”

நினைவில்லத்தின் செயலாளருக்கு உட்கார மனமில்லை. தையற்கடையின் வாசலுக்கும் இயந்திரத்துக்கும் இடையே நடந்துகொண்டே பேசினார்.

மறுநாள் திறப்பு விழா. ‘அய்யா’ என்று ஊரே வணங்கிய குருநாதரின் செருப்பு, மூக்குக்கண்ணாடி, போர்வை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. நடுப்பெட்டி மட்டும் காலி.

“குடைன்னு அழைப்பிதழ்லயே அச்சடிச்சாச்சு.”

தையற்கார அம்மாள் நிமிரவில்லை. “என்னைக் கேட்டா அச்சடிச்சீங்க?”

“அய்யா உங்களுக்குக் குடை கொடுத்தது ஊருக்கே தெரியும்.”

“கொடுத்தார். ஆனா ‘வச்சுக்கோ’ன்னு சொல்லலை. ‘வச்சிரு’ன்னுதான் சொன்னார்.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“அது எப்படி சார் ஒண்ணாகும்?”

செயலாளரின் கண் கடை மூலைக்குப் போயிற்று. மரக் கைப்பிடி, ஒட்டுப்போட்ட கறுப்புத் துணி. ஒரு பழைய குடை சுவரில் சாய்ந்திருந்தது.

“அய்யாவோட பொருளைத் தனியாளா அமுக்கி வச்சிருக்கிறது நல்லதில்லைம்மா. நாலு பேர் கும்பிட வேண்டியது.”

“அந்தக் குடை என்கிட்ட இல்லை சார்.”

கண்ணெதிரே வைத்துக்கொண்டு எப்படிக் கூசாமல் சொல்கிறாள் என்று பொருமியபடி அவர் படியிறங்கினார். மழை பிடித்துக்கொண்டது.

“சார், நில்லுங்க.” மூலையில் இருந்த குடையுடன் ஓடிவந்தாள். “இதை வச்சிருங்க.”

‘வச்சிருங்க.’ அய்யா சொன்ன அதே சொல். செயலாளர் குடையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மனம் மாறிவிட்டாள், வாய்விட்டு ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம். மேலும் கேட்டு அவளைச் சங்கடப்படுத்த அவர் விரும்பவில்லை.

தெருவில் இறங்கியவர் குடையை விரிக்கவில்லை. அய்யாவின் கை பட்ட பொருள் நனையலாமா? சட்டைக்குள் செருகி, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இல்லை. எக்ஸ்ரே உறையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

“அண்ணே, அதை விரிச்சா ரெண்டு பேரும் நிக்கலாமே?”

“இது விரிக்கிற குடை இல்லைம்மா.”

“பின்னே, கும்பிடுற குடையா?”

“ஆமாம்,” என்று சற்றே தள்ளி நின்றார்.

பக்தி முற்றியவரின் காதில் சில நேரம் மழைச்சத்தம்கூட விழுவதில்லை.

மறுநாள் நடுப்பெட்டியின் முன்னால்தான் கூட்டம் அதிகம். ‘யாரும் நனையலாகாது என அய்யா ஈந்த குடை. தொடாதீர்’ என்ற பலகையை வாசித்துப் பலர் கண் கலங்கினர். செயலாளருக்குக் காய்ச்சல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

வரிசையில் தையற்கார அம்மாளும் வந்தாள். பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு அவரை ஓரமாக அழைத்தாள்.

“சார், இது என்னோட குடை. கடையில வாங்கினது.”

“அப்போ அய்யா கொடுத்தது?”

“அடுத்த மழைக்கே, நனைஞ்சுட்டு வந்த ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டேன். இப்போ யார் கையில இருக்கோ.”

செயலாளர் தும்மினார். குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய கெஞ்சலாகக் கேட்டார்: “பின்னே இதை ஏம்மா என்கிட்ட கொடுத்தீங்க?”

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“மழை பெஞ்சுதே, சார்.”