ஆள் போகாத சரிவு

“ரோடு முடிஞ்சதுக்கு அப்புறம், ஆளே போகாத எடமா சொல்லுங்க தம்பி,” என்றார் விநாயகமூர்த்தி. சாலாக் செலாத்தானில், விஜயனின் வீட்டு மேசை முழுக்க அவர் கொண்டுவந்த கனடா மலைகளின் வரைபடம் விரிந்து கிடந்தது.

விஜயனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். யாரோ சொல்லித் தேடி வந்தவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. பிரிக்பீல்ட்ஸில் வீடு, ரயில்வேயில் நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை கனடாவுக்கு விமானம் ஏறுகிறாராம். ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டி, அடையாளம் போட்ட தடத்தை விட்டு விலகி எங்கெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

விஜயன் அங்கே நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன். எண்பத்தைந்தில் திரும்பி வந்து, மூன்று வருஷமாகப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களோடு மல்லுக்கட்டுகிறான். இதுவரை பனியைப் பற்றி அவனிடம் யாரும் கேட்டதில்லை. சுவரில் இருந்த போட்டோவில் அவன் உட்கார்ந்திருந்த வண்டியை, வருகிறவர்கள் மோட்டார் படகு என்றே நினைத்தார்கள்.

ஆகவே உற்சாகமாக ஆரம்பித்தான். மரம் ஏற்றும் லோரிகளின் காட்டுப் பாதைகள் குளிர்காலத்தில் சும்மா கிடக்கும். அதைப் பிடித்துப் போக வேண்டும். காட்டுத்தீயில் எரிந்த பகுதி நல்லது, மரங்கள் நெருக்கமாக இருக்காது. உறைந்த ஏரியை மட்டும் நம்பக் கூடாது.

அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். முகத்தில் ஆசையும் இல்லை, பயமும் இல்லை. மின்சார பில்லுக்கு மீட்டர் எழுத வந்தவர் மாதிரி இருந்தார். விஜயனின் அம்மா வைத்துவிட்டுப் போன தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

வரைபடத்தில் ஏழெட்டு இடங்களில் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அதில் ஒன்று அருமையான இடம். அதை ஏன் வேண்டாம் என்று அடித்துவிட்டீர்கள் என்று விஜயன் கேட்டான்.

“அதெல்லாம் பாத்தாச்சு,” என்றார்.

ஏதாவது புத்தகத்தில் பார்த்திருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான். கடைசியில், யாரிடமும் சொல்லாத ஒன்றையும் அவருக்குச் சொல்லிவிட மனம் வந்தது.

“ஒரு எடம் இருக்கு அங்கிள். நானே கண்டுபிடிச்சது. எந்த மேப்லயும் பேர் கெடையாது. ஊருக்கு வர்றப்ப குணாளன்னு ஒரு ஜூனியர்கிட்ட மட்டும் சொல்லிட்டு வந்தேன்.”

அவருடைய பென்சில் நின்றது. பிறகு, “சரியாக் காட்டுங்க,” என்றார்.

விஜயன் விரலால் காட்டினான். லோரிப் பாதை முடிகிற இடம், ஓடை, எரிந்த காடு, அதைத் தாண்டிக் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. அவனுக்கு அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குள் வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் அங்கே நிற்கக் கூடாது, வெயில் பட்டால் பின்னால் இருக்கும் சரிவின் பனி மொத்தமும் அப்படியே இறங்கிவிடும் என்றும் எச்சரித்தான்.

“எறங்கினா எந்தப் பக்கம் வந்து நிக்கும்?”

விசித்திரமான கேள்விதான். நிலம் அளந்தவர், அப்படித்தான் யோசிப்பார் என்று ஓடையின் வளைவைக் காட்டினான். அவர் அங்கே சின்னதாக ஒரு வட்டம் போட்டார். அளவுகோலை வைத்து இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு வரைபடத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

வாசல்வரை வந்த விஜயனுக்கு அப்போதுதான் அவருடைய வயது உறைத்தது. இத்தனையும் சொல்லிக்கொடுத்தது தப்போ என்று தோன்றியது.

“தனியா ஓட்டப் போகாதீங்க லா அங்கிள். குணாளன் அங்கதான் இருக்கான். அவனுக்கு எழுதிப் போடுறேன், பத்திரமா கூட்டிட்டுப் போவான்.”

விநாயகமூர்த்தி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். நிமிர்ந்தபோதும் அவர் முகம் மாறவில்லை.

“குணாளன் என் மகன் தம்பி. மத்த எடமெல்லாம் தேடிட்டாங்க.”